பினாங்கில் பிறந்த தாத்தாக்கள்

மலேசிய அணி தோற்றுவிட்டால் மறுநாள் காலை எந்த ஒட்டுக்கடைக்குப் போனாலும் இரண்டு பேர்மேல் பழி விழும். ஒருவர் பயிற்றுநர். இன்னொருவர் 'இம்போர்ட்'. பயிற்றுநரைத் திட்ட ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் தேட வேண்டும். இம்போர்ட்டைத் திட்ட ஒரே காரணம் போதும். "எல்லா கிளப்லயும் முன்னாடி நிக்கிறது பிரேசில்காரன், நைஜீரியாக்காரன். நம்ம பையன் எங்க போய் கோல் அடிக்கக் கத்துக்குவான்?" சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்ததால் நம் தேசிய அணி கெட்டதா என்பது ஒன்று. அதற்குக் கணக்கு பார்த்து ஓரளவு பதில் சொல்லிவிடலாம். தேசிய அணி யாருடையது, யார் ஆடினால் அது 'நம்ம' அணி என்பது இன்னொன்று. அது கணக்கு இல்லை, அறம். 2025-இல் நடந்த ஒரு விவகாரத்துக்குப் பிறகு இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. அதுவும் பினாங்கில் இருக்கிற ஒரு தமிழன் பார்த்தே ஆக வேண்டும்.

*

முதலில் கணக்கு. இதே புலம்பல் இங்கிலாந்தில் முப்பது வருடமாக ஓடுகிறது. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய முதல் வாரம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியிலிருந்து வந்து களமிறங்கியவர்கள் 13 பேர்தான். ஏழு வருடம் கழித்து, 1999 டிசம்பர் 26 அன்று, சவுத்தாம்ப்டனுக்கு எதிராகச் செல்சி இறக்கிய பதினொருவரில் ஒரு பிரிட்டன்காரர்கூட இல்லை. 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு இங்கிலாந்து தகுதி பெறாதபோது எல்லா விரல்களும் வெளிநாட்டவர் பக்கம் திரும்பின.

ஆனால் அதே இங்கிலாந்து 1974, 1978 உலகக் கிண்ணங்களுக்கும் தகுதி பெறவில்லை. அப்போது லீக்கில் 'வெளியாள்' என்றால் பெரும்பாலும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்காரர்கள்தான். இந்தப் பக்கம் பார்த்தால், லீக் முழுக்க வெளிநாட்டவர் நிறைந்திருக்கிற இந்தக் காலத்தில்தான் 2018 உலகக் கிண்ண அரையிறுதியும், 2021-லும் 2024-லும் ஆடிய ஐரோப்பியக் கிண்ண இறுதிகளும். வெளிநாட்டவர் இல்லாமலும் தோற்றார்கள், இருந்தும் முன்னேறினார்கள். நடுவில் மாறியது வேறு ஒன்று. 2012-இல் கிளப்புகளின் இளையோர் பயிற்சி முறையை மொத்தமாகத் திருத்தினார்கள். அதே வருடம் செயின்ட் ஜார்ஜ்ஸ் பார்க்கில் தேசியப் பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். பலன் வரப் பல வருடம் பிடித்தது.

இங்கிலாந்து செய்து பார்க்காத ஒரு பரிசோதனையை மலேசியா செய்து பார்த்திருக்கிறது. 2007 ஆசியக் கிண்ணத்தில், நம் சொந்தத் திடலில், சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு, 2009 முதல் 2011 வரை உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது? 2009-இல் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கம், 20 வருடம் கழித்து. 2010 டிசம்பரில் ஏஎஃப்எஃப் கிண்ணம்: புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0, ஜகார்த்தாவில் 1-2, மொத்தம் 4-2. பயிற்றுநர் கே. ராஜகோபால். சாஃபி சாலி ஐந்து கோல். 2011-இல் மறுபடியும் சீ விளையாட்டுத் தங்கம், ஜகார்த்தாவிலேயே.

ஒட்டுக்கடை வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. "பாத்தியா? இம்போர்ட்ட நிறுத்துனோம், கிண்ணம் வந்துச்சு" என்று என் மாமா இன்றைக்கும் சொல்வார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். உற்பத்தி வரிசையில் பழுது விகிதம் திடீரென்று குறைந்தால் நாங்கள் முதலில் கேட்பது, போன வாரம் வேறு என்னென்ன மாற்றினோம் என்பதுதான். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் பாராட்டு கொடுக்கக் கூடாது. அந்த மூன்று வருடத்தில் வேறு என்ன நடந்தது? 2007-இலிருந்து ஹரிமாவ் மூடா என்ற இளையோர் அணி ஒன்றாகவே பயிற்சி பெற்று, லீக்கில் ஆடி, ஸ்லோவாக்கியா வரைக்கும் போய்வந்தது. 2009, 2010 வெற்றிகளின் முதுகெலும்பு அந்தப் பையன்கள்தான். கதவைச் சாத்தியதோடு, உள்ளே பிள்ளைகளையும் வளர்த்தார்கள்.

சாத்திய கதவால் எட்டிய உயரத்தையும் பார்க்க வேண்டும். தென்கிழக்காசியாவில் ஜெயித்தோம். 2011 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5, பிறகு 1-1, அத்தோடு வீட்டுக்கு. 2012-இல் கதவு திறந்தது. 2015-இல் ஜோகூர் டாருல் தாக்சிம் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவில் எந்த கிளப்பும் அதற்கு முன் வென்றதில்லை. இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அர்ஜென்டினாக்காரர் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ் அடித்தது. ஆனால் 2014-இலிருந்து ஒவ்வொரு வருடமும் லீக் அதே கிளப்புக்குத்தான் போகிறது. 2015-இல் ஹரிமாவ் மூடாவையும் கலைத்துவிட்டார்கள். 2025-26 பருவத்தில் ஒரு கிளப் 15 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்வரை பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தது.

ஜப்பானைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1971-இல், மியூனிக் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில், நாம் ஜப்பானை 3-0 என்று அடித்தோம். எம். சந்திரன், சோ சின் ஆன் எல்லாம் ஆடிய காலம். மியூனிக்கில் அமெரிக்காவையும் 3-0 என்று வென்றோம். 1993-இல் ஜப்பான் ஜே லீக்கைத் தொடங்கியபோது ஸீக்கோவையும் கேரி லினெக்கரையும் பணம் கொட்டி அழைத்து வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: லீக்கில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு கிளப்பும் இளையோர் அணிகளை வைத்திருக்க வேண்டும். 1998-இல் முதன்முறையாக உலகக் கிண்ணம் போனார்கள். அதற்குப் பிறகு ஒன்றைக்கூட விடவில்லை. அங்கே ஸீக்கோ யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அதுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: இம்போர்ட் கெடுப்பதில்லை. கீழே பிள்ளை வளர்க்கிற வேலை நடந்தால் அவர் வாத்தியார். நடக்காவிட்டால், காலியிடத்தை மறைக்கிற திரை. திரையைக் கிழித்தால் காலியிடம் தெரியுமே தவிர நிரம்பாது.

*

அந்தக் காலியிடம் நம் ஆட்களுக்கு எங்கே உண்டானது என்பதும் தெரிந்ததுதான். என். தனபாலன், எம். சந்திரன், கோல் காவலர் ஆர். ஆறுமுகம் என்று தேசிய அணியில் நம் பெயர்கள் சாதாரணமாக இருந்த காலத்தில், தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம். கிராணி நடுவர், கங்காணி மகன் கோல் காவலர். தோட்டம் வீடமைப்புத் திட்டம் ஆனபோது லயம் போனது, திடலும் போனது. ஆட்கள் பட்டர்வொர்த், பிறை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். அங்கே கார் நிறுத்துமிடம் உண்டு, திடல் கிடையாது. 2009, 2010 வெற்றிகளில் எஸ். குணாளன், கே. குருசாமி போன்ற பெயர்கள் வந்தபோது எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் தனிக் கைத்தட்டல் விழுந்தது. தனியாகத் தட்டுகிற அளவுக்கு அது அரிதாகிவிட்டிருந்தது.

மலேசிய இந்தியர் காற்பந்து சங்கம் தொடங்கிய கிளப் ஒன்று மேலேறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. 2022 பருவத்தில் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க உள்ளூர்க்காரர்களைக் கொண்டே ஆடியது. அந்தப் பருவத்தோடு லீக்கைவிட்டு விலகியது. இம்போர்ட் இல்லாத கிளப்புக்கு ஒட்டுக்கடை வாதக்காரர்கள் எல்லாம் சீட்டு வாங்கிப் போய் உட்கார்ந்திருந்தால் அரங்கம் நிரம்பியிருக்க வேண்டும். உள்ளூர்ப் பையன்மேல் நமக்கிருக்கிற பாசம் பெரும்பாலும் பேச்சோடு சரி.

*

இனி 2025. ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், வியட்நாமை 4-0 என்று வென்றோம். பத்து வருடத்துக்கு மேல் ஜெயிக்க முடியாமல் இருந்த அணி. முதல் இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் புதிதாகக் குடியுரிமை பெற்று வந்திருந்த ஜோவாவ் ஃபிகெய்ரெடோவும் ரோட்ரிகோ ஹோல்காடோவும். செப்டம்பர் 26 அன்று ஃபிஃபா தீர்ப்பு சொன்னது: ஏழு ஆட்டக்காரர்களின் பூர்வீக ஆவணங்கள் போலி. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்றது சங்கம். மேல்முறையீட்டையும் ஃபிஃபா நவம்பரில் தள்ளுபடி செய்தது.

விவரம் இதுதான். குடியுரிமையோடு, தாத்தாவோ பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது ஃபிஃபா விதி. ஏழு பேருக்கும் அப்படி ஒரு தாத்தா பாட்டி காகிதத்தில் இருந்தார்கள். ஃபிஃபா ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்தில் அசல் பதிவுகளைத் தேடி எடுத்தது. எல்லாரும் அங்கேயே பிறந்தவர்கள். மலாக்காவில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட தாத்தா தி ஹேக்கில் பிறந்திருந்தார். ஏழில் மூவரின் மூத்தோர், அர்ஜென்டினாவில் பிறந்தவர்கள், காகிதத்தில் பினாங்குக்காரர்கள் ஆகியிருந்தார்கள். அதில் ஒருவருக்கு ஜார்ஜ்டவுன்.

இதைப் படித்த அன்று எங்கள் வாட்சப் குழுவில் கேலி களைகட்டியது. "உங்க தாத்தா எங்க தாத்தாவோட சுலியா ஸ்திரீட்ல ஒண்ணா தே தண்ணி குடிச்சிருப்பாரு" என்று ஒருவன் போட்டான். நானும் சிரித்தேன். ஆனால் ஃபிஃபாவின் விளக்க அறிக்கையில் ஒரு இடத்தில் சிரிப்பு நின்றது. பழைய காலத்துக் கையெழுத்துப் பிறப்புப் பதிவுகள் இங்கே கிடைக்காததால், இரண்டாம் நிலை ஆவணங்களை வைத்துப் பதிவிலாகா சான்று கொடுத்தது என்று அது சொல்கிறது. 'அசல் பதிவு கிடைக்கவில்லை' என்ற அந்தச் சொற்களை நான் வேறு ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

*

செபெராங் பிறையில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் அணியில் நான் வலப்பக்கத் தற்காப்பு. இடப்பக்க முன்னணியில் ஒருவன் இருந்தான். குமார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் அவனைத் தடுக்கிற வேலை எனக்குத்தான் வரும். மாலை முழுக்க அவன் முதுகைத்தான் பார்த்திருப்பேன். பதினைந்து வயதில் மாநில இளையோர் தேர்வுக்கு வாத்தியார் நான்கு பேரின் பெயரைக் கொடுத்தார். அடையாள அட்டை நகல் கேட்டார்கள். மூன்று பேர் போனோம்.

குமாரிடம் இருந்தது பிறப்புப் பத்திரம் மட்டும். அதில் 'புக்கான் வார்கநெகாரா' என்று எழுதியிருக்கும். குடிமகன் அல்ல. அரசாங்க மருத்துவமனையில்தான் பிறந்தான். அப்பா நீல அட்டைக்காரர். அம்மா தோட்டத்தில் பிறந்து, பிறப்பே பதியப்படாமல் வளர்ந்தவர். அப்பா அம்மா கோயிலில் தாலி கட்டினார்கள். பதிவுத் திருமணம் செய்யவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்கிறது சட்டம். தாய்க்கு நிலையே இல்லை. அவனுடைய அப்பா ஒரு அலுவலகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் நடந்தார். பாட்டியின் பத்திரம் கொண்டு வா என்பார்கள். பழைய தோட்டத்தின் கடிதம் கொண்டு வா என்பார்கள். தோட்டமே இல்லை. கடைசியில், அசல் பதிவு கிடைக்கவில்லை.

குமாரின் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், பினாங்கில்தான் பிறந்தார். நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில். அவருக்குப் பத்திரம் இருக்கிறது, யாரும் திருத்தாதது.

சாதாரணமாக வெளிநாட்டவர் ஒருவர் குடியுரிமை கேட்டால், 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு. ஏழு பேர் விஷயத்தில் அமைச்சருக்குள்ள விருப்புரிமை அதிகாரம் பயன்படுத்தப்பட்டது என்று உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அப்படி ஒரு அதிகாரம் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. சட்டம் என்பது மனிதர்களுக்காக. சில நேரம் வளைய வேண்டும். யாருக்காக வளைகிறது என்பதுதான் ஒரு நாட்டின் குணத்தைக் காட்டும். கோல் அடிக்கிற காலுக்காக மாதங்களில் வளைந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே ஓடிய காலுக்காக வருடக் கணக்கில் வளையவில்லை. ஏழு பேர் வெளிநாட்டவர் என்பது எனக்குக் குற்றமே இல்லை. குமாருக்கு 'இல்லை' என்று சொல்லப் பயன்பட்ட அதே வெற்றிடம், அவர்களுக்கு 'ஆம்' என்று சொல்லப் பயன்பட்டதே, அதுதான் குற்றம்.

*

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும், குறிப்பாக நமக்கு. அந்த ஏழு பேர் விவகாரம் வெடித்தபோது, "ரத்தத்தில் மலேசியன் இல்லாதவன் ஜெர்சி போடக்கூடாது" என்கிற கோபம் நம் ஆட்களிடமும் கேட்டது. ரத்தத்தை அளக்க ஆரம்பித்தால் வரிசையில் அடுத்து நிற்கப்போவது யார் என்று யோசித்துக்கொள்ள வேண்டும். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1969-க்குப் பிறகு ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். பலர் பினாங்குத் துறைமுகத்திலிருந்துதான் ஏறினார்கள், இங்கேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள். அவர்களைப் பற்றியும் இதே வாக்கியம்தான் சொல்லப்பட்டது: வெளியாள், நம்ம பையனின் இடத்தைப் பிடித்திருக்கிறான். ஒட்டுக்கடையில் நாம் பிரேசில்காரனைப் பார்த்துச் சொல்கிற வாக்கியத்தை ஒருகாலத்தில் யாரோ நம் தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்கள்.

பினாங்கு ரசிகர்களுக்கு இந்த உண்மை திடலில் தெரியும். மொராக்கோவிலிருந்து வந்து ஆடிய மெர்ஸாகுவா அப்தெர்ரஸாக்கை இன்றைக்கும் 'நம்ம மெர்ஸாகுவா' என்பார்கள். 2016-இல் பினாங்குக்காக ஒரு தனி உதையை வானத்தில் வளைத்து, புஷ்காஷ் விருது வாங்கிய ஃபாயிஸ் சுப்ரி கெடாக்காரர். கேம்பியாவில் பிறந்து, இளம்வயதில் அப்பாவோடு இங்கே வந்து வளர்ந்த முகமது சுமாரே 2018-இல் தேசிய அணிக்கு ஆடினார். இவர்களுக்குப் பொய்யான தாத்தா தேவைப்படவில்லை. இங்கே வாழ்ந்தார்கள், இங்கே வியர்த்தார்கள், அது போதுமாக இருந்தது.

அப்படியானால் தேசிய அணியும் கிளப்பும் ஒன்றா? இல்லை. கிளப் வாங்கலாம். தேசிய அணி ஒரு வாக்குறுதி. இந்த நாட்டுத் திடலில் ஓடுகிற எந்தப் பிள்ளையும் ஒருநாள் அந்த ஜெர்சிக்கு வர முடியும் என்பதே அந்த வாக்குறுதி. வெளியிலிருந்து ஒருவர் வந்து சேர்வதால் அது உடைவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லாமல் போனால் உடைகிறது. திடல் இல்லாமல், இளையோர் அணி இல்லாமல், குமாருக்கு நடந்ததுபோலக் காகிதம் இல்லாமல்.

இனி தேசிய அணி அறிவிக்கப்படும்போது நான் எண்ணப்போவது ஒன்றுதான். இந்தப் பதினொருவரில் எத்தனை பேர் பன்னிரண்டு வயதில் இங்கே ஏதாவது ஒரு திடலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்? யாரையும் வெளியே தள்ளுவதற்காக இல்லை. தொழிற்சாலையில் தினமும் ஒரு எண்ணைப் பலகையில் எழுதிவைப்போமே, அதுபோல. அந்த எண் குறைந்தால் குறை வந்தவர்களிடம் இல்லை. வளர்க்க வேண்டியவர்கள் வளர்க்கவில்லை என்று அர்த்தம்.

குமார் இப்போது பிறையில் ஒரு பட்டறையில் கைக்காசுக்கு வேலை பார்க்கிறான். மகன் பிறந்திருக்கிறான். இந்த முறை திருமணத்தை முதலில் பதிந்துவிட்டுத்தான் கல்யாணம் செய்தான். பெண் நீல அட்டைக்காரி. பையனின் பத்திரத்தில் 'வார்கநெகாரா' என்று இருக்கிறது. அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். பையனுக்கு இன்னும் நடக்கவே வரவில்லை. அவன் ஓடுவதற்கு அந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு திடல் வேண்டும்.